டோக்கியோவில் ஓடாத இருநூறு மீட்டர்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லப்போவது கொஞ்சம் நீளமான கதை. நடுவில் விதிமுறைப் புத்தகமெல்லாம் வரும். அதைத் தாண்டிக்கொண்டு போனால், 'விமான நிலையத்தில் போலீசிடம் தஞ்சமடைந்த வீராங்கனை' என்று அன்றைக்கு டிவியில் ஓடிய இரண்டு நிமிடச் செய்திதான் மிஞ்சும். அதைக்கூட நம்மில் பலர் கவனித்திருக்க மாட்டோம். 2021 ஆகஸ்ட் 1, ஞாயிற்றுக்கிழமை. அன்றுதான் பேட்மின்டனில் சிந்து வெண்கலம் வாங்கினார். ஆண்கள் ஹாக்கி அணி பிரிட்டனை வென்று அரையிறுதிக்குப் போனது. நாம் அந்தச் சந்தோஷத்தில் இருந்த இரவில், அதே டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில், பெலாரஸ் நாட்டு ஓட்டக்காரி கிறிஸ்தினா திமனோவ்ஸ்கயா விமானம் ஏற மறுத்து நின்றார். வயது 24. மறுநாள் அவருக்கு 200 மீட்டர் ஓட்டம் இருந்தது.

அவர் எந்த ரகசியத்தையும் வெளியிடவில்லை. ஆட்சியைக் கவிழ்க்கக் கூட்டம் போடவில்லை. தன்னைக் கேட்காமல் வேறொரு ஓட்டத்தில் தன் பெயரைச் சேர்த்துவிட்டார்கள் என்று இன்ஸ்டாகிராமில் பயிற்சியாளர்களைத் திட்டினார். அவ்வளவுதான். இதற்காகவா ஒருத்தி நாட்டையே விட்டுப் போக வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் அந்த ஓட்டம். கிறிஸ்தினா 100, 200 மீட்டர் ஓடுபவர். அவர் பெயரைச் சேர்த்தது 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில். ஓடுகிறவருக்கு இருநூறு என்ன, நானூறு என்ன என்று நமக்குத் தோன்றும். இருநூறு மீட்டர் இருபத்து மூன்று விநாடிச் சமாச்சாரம். தசையில் இருக்கும் சக்தியை ஒரே வீச்சில் கொட்டி முடித்துவிடலாம். நானூறு, நல்ல வீராங்கனைக்கே ஐம்பது விநாடிக்கு மேல். முந்நூறைத் தாண்டியதும் தசைக்குள் அமிலம் ஏறித் தொடை கனக்கும், கால் தூக்க வராது. அந்தக் கடைசி நூறு மீட்டரைத் தள்ளாடாமல் ஓடி முடிக்க மாதக்கணக்கில் தனிப் பயிற்சி வேண்டும். முதல் இருநூறில் எவ்வளவு அடக்கி வாசிப்பது என்ற கணக்கும் வேண்டும். அதே டோக்கியோவில் கலப்பு 4x400 ஓடிய நம் மதுரை ரேவதி வீரமணியும் முன்பு 100, 200 ஓடியவர்தான். நானூறுக்கு மாறி, தேசிய முகாமில் அதற்கென்று உழைத்த பிறகுதான் ஒலிம்பிக் போனார். கிறிஸ்தினாவுக்கோ அந்தத் தொடர் ஓட்டம் பழக்கமே இல்லை. சில நாள் முன்பு, பட்டியலைப் பார்த்துத்தான் விஷயமே தெரிந்தது.

அந்த இடம் ஏன் காலியானது? இங்கேதான் உண்மையான தப்பு இருக்கிறது. ஊக்கமருந்து விஷயத்தில் சந்தேகத்துக்குரிய நாடுகளை உலகத் தடகளச் சம்மேளனம் தனிப் பிரிவாக வைத்திருந்தது. பெலாரஸ், கென்யா, எத்தியோப்பியா, நைஜீரியா, உக்ரைன் எல்லாம் அதில் அடக்கம். இந்த நாடுகளின் வீரர்கள் ஒலிம்பிக்குக்கு முந்தைய பத்து மாதத்தில், போட்டி இல்லாத நாட்களில், முன்னறிவிப்பின்றி குறைந்தது மூன்று முறை ஊக்கமருந்து சோதனைக்கு உட்பட்டிருக்க வேண்டும். ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் இடையே மூன்று வாரமாவது இருக்க வேண்டும். அந்தச் சோதனைகள் நடக்கும்படி பார்த்துக்கொள்வது நாட்டுச் சங்கத்தின் வேலை. வீரர் தானாகப் போய்ச் செய்துகொள்ளக்கூடியது அல்ல. பெலாரஸ் அதிகாரிகள் கோட்டைவிட்டார்கள். நானூறு மீட்டர் பெண்கள் சிலருக்குச் சோதனை எண்ணிக்கை போதவில்லை. டோக்கியோவில் தகுதி இல்லை என்று ஆகிவிட்டது. குழியை மூட ஆள் தேடியபோது 200 மீட்டர் ஓட்டக்காரியின் பெயர் கிடைத்தது.

நைஜீரியாவுக்கும் அதே கதிதான். பத்துப் பேர் வெளியே. அவர்கள் டோக்கியோவில் பதாகை பிடித்து ஊர்வலம் போனார்கள், அடுத்தவர் அலட்சியத்துக்கு நாங்களா பலி என்று கேட்டார்கள். செய்தி வந்தது, அதோடு போயிற்று. பெலாரஸ் பெண் செல்போனைப் பார்த்து அதே கேள்வியைத்தான் கேட்டார். ஆனால் அவருடைய நாட்டில் அந்த வருடம் அதிகாரி ஒருவரைக் கேள்வி கேட்பதற்கு வேறு அர்த்தம் வந்திருந்தது.

ஒரு வருடம் பின்னால் போவோம். 2020 ஆகஸ்ட் 9 அன்று பெலாரஸில் அதிபர் தேர்தல். 1994 முதல் நாற்காலியில் இருக்கும் அலெக்ஸாண்டர் லுகஷென்கோ எண்பது சதவீத வாக்குடன் வென்றதாக அறிவிப்பு வந்தது. ஜனங்கள் நம்பவில்லை. தலைநகர் மின்ஸ்க்கில் ஞாயிற்றுக்கிழமைதோறும் தெரு நிறையக் கூட்டம். எதிர்த்து நின்ற ஸ்வியத்லானா சிகனோவ்ஸ்கயா இரண்டொரு நாளில் லிதுவேனியாவுக்குப் போய்ச் சேர்ந்தார். அடுத்த மாதங்களில் முப்பதாயிரம் பேருக்கு மேல் பிடித்து உள்ளே வைக்கப்பட்டார்கள்.

இதில் விளையாட்டுக்காரர்கள் எங்கே வருகிறார்கள்? நேராகவே வருகிறார்கள். லுகஷென்கோ ஐஸ் ஹாக்கிப் பைத்தியம். தானே மட்டையோடு இறங்கி ஆடுவார். 1997 முதல் அந்நாட்டு ஒலிம்பிக் சங்கத்தின் தலைவராகவும் அவரேதான் இருந்தார். அதிபரும் அவர், சங்கத் தலைவரும் அவர். அங்கே பெரிய வீரர் என்றால் அரசுச் சம்பளம், அரசு மைதானம், அரசு மருத்துவர். சோறு போடுகிற கையும் அடிக்கிற கையும் ஒன்றாக இருக்கும்போது வாய் திறப்பது லேசான காரியமில்லை. அப்படியும் 2020-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விளையாட்டுக்காரர்கள் தேர்தலை ரத்து செய்யச் சொல்லிப் பகிரங்கக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பலருக்குச் சம்பளம் நின்றது, அணியில் இடம் போனது.

யெலெனா லெவ்சென்கா என்று ஒரு கூடைப்பந்து வீராங்கனை. இரண்டு ஒலிம்பிக் ஆடியவர், அமெரிக்கத் தொழில்முறை லீகில் ஆடியவர். ஊர்வலத்துக்குப் போனார் என்று செப்டம்பர் 30 அன்று மின்ஸ்க் விமான நிலையத்தில் வைத்தே பிடித்தார்கள். பதினைந்து நாள் காவல். மெத்தை இல்லாத இரும்புக் கட்டில், வெந்நீர் கிடையாது என்று வெளியே வந்து சொன்னார். ஆறடிக்கு மேல் உயரமான அந்தப் பெண் அந்தக் கட்டிலில் எப்படிப் படுத்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். நீச்சலில் மூன்று ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய அலியக்சாண்ட்ரா ஹெராசிமேனியா நாட்டை விட்டு வெளியேறி, பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ 'விளையாட்டு ஒற்றுமை நிதி' என்ற அமைப்பின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 2012-இல் உலக சாம்பியன்ஷிப்பில் வாங்கிய தங்கப் பதக்கத்தையே ஏலம் விட்டு அதற்குப் பணம் சேர்த்தார்.

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2020 டிசம்பரில் லுகஷென்கோவை ஒலிம்பிக் நிகழ்ச்சிகளிலிருந்து விலக்கியது. அவர் என்ன செய்தார்? 2021 பிப்ரவரியில் நாற்காலியை மகன் விக்டருக்கு மாற்றிக் கொடுத்தார். இது புரிய பெலாரஸ் வரை போக வேண்டியதில்லை, நம் ஊர்ச் சங்கங்களைப் பார்த்தாலே போதும். மகனையும் கமிட்டி ஏற்கவில்லை. ஆனால் பெலாரஸ் அணியை டோக்கியோவுக்கு அனுப்பும் உரிமை அந்தச் சங்கத்திடமேதான் இருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

டோக்கியோவுக்கு இரண்டு மாதம் முன்பு, மே 23 அன்று, ஏதென்ஸிலிருந்து வில்னியஸ் போன பயணிகள் விமானத்தை பெலாரஸ் வான்வெளியில் வழிமறித்து மின்ஸ்க்கில் இறக்கி, அதிலிருந்த ஒரு இளம் பத்திரிகையாளரையும் அவர் தோழியையும் கைது செய்தார்கள். ஆகாயத்தில் போகிறவரையே இறக்கிப் பிடிப்பார்கள் என்றால், ஊருக்குத் திரும்பி வருகிறவரைப் பிடிக்க எவ்வளவு நேரமாகும்? கிறிஸ்தினா கணக்குப் போட்டது இந்தச் சூழலில்தான். அவர் அரசியலில் இருந்தவர் இல்லை. ஓடத்தான் வந்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னவர். ஆனால் அந்த இன்ஸ்டாகிராம் வீடியோ வெளியானதும் அரசுத் தொலைக்காட்சி அவரை அணி உணர்வு இல்லாதவர் என்று வறுத்தெடுத்தது. அதற்குள் ஜூலை 30 அன்று 100 மீட்டர் ஓடி, தகுதிச் சுற்றிலேயே வெளியேறியிருந்தார். அவருடைய முக்கிய ஓட்டமான 200 பாக்கி.

ஆகஸ்ட் 1 அன்று விளையாட்டுக் கிராமத்தில் அவர் அறைக்கு இரண்டு பேர் வந்தார்கள்: தலைமைப் பயிற்சியாளர் யூரி மொய்செவிச், அணி அதிகாரி ஆர்தர் ஷிமாக். காயம் என்று சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்பிப் போ என்பதுதான் சேதி. அந்தப் பேச்சின் ஒலிப்பதிவு பின்னால் வெளியே வந்தது. அதில் யாரும் கத்தவில்லை. தாஜா பண்ணுகிற குரல்தான். கௌரவம் பார்க்காதே, நீ போனால் மற்றவர்களுக்குத் தொல்லை இருக்காது, நிதானமாக யோசி என்ற பாணி. எனக்கு அந்த நிதானம்தான் பயமாக இருந்தது. விஷயம் இப்போது சங்கத்தின் கையிலும் இல்லை, அமைச்சகத்தின் கையிலும் இல்லை, அதற்கும் மேலே போய்விட்டது என்று தன்னிடம் சொன்னதாக கிறிஸ்தினா பின்னர் தெரிவித்தார். மேலே என்றால் யார் என்பதை அந்த நாட்டில் விளக்க வேண்டியதில்லை. மூட்டை கட்டச் சொன்னார்கள். மனநிலை சரியில்லை, மருத்துவர் ஆலோசனைப்படி விலக்குகிறோம் என்று சங்கம் அறிக்கை விட்டது. எந்த மருத்துவரும் தன்னைப் பார்க்கவே இல்லை என்றார் அவர்.

விமான நிலையத்துக்குப் போகும் வழியில் பாட்டியிடமிருந்து போன் வந்தது. இங்கே டிவியில் உன்னைப் பற்றிக் கேவலமாகப் பேசுகிறார்கள், வராதே என்றார் பாட்டி. இந்தக் கதையில் எனக்கு மறக்காத ஆள் அந்தப் பாட்டிதான். பேத்தியை வீட்டுக்கு வராதே என்று சொல்ல, அதுவும் அந்த நாட்டுத் தொலைபேசியில் சொல்ல, என்ன துணிச்சல் வேண்டும்! ஹனேடாவில் கிறிஸ்தினா தன் செல்போனில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து, என்னைப் பலவந்தமாக நாட்டை விட்டு அனுப்புகிறார்கள், உதவி வேண்டும் என்று தட்டி, ஜப்பானியப் போலீசிடம் திரையைக் காட்டினார். கூட வந்தவர்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே. இஸ்தான்புல் வழியாகப் போக வேண்டிய விமானம் அவர் இல்லாமல் கிளம்பியது. இரவு போலீஸ் பாதுகாப்பில் விமான நிலைய ஓட்டலில் கழிந்தது.

அடுத்த மூன்று நாளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை போலந்துத் தூதரகத்துக்குப் போனார். போலந்து மனிதாபிமான விசா கொடுத்தது. கணவர் பெலாரஸிலிருந்து உக்ரைனுக்குத் தப்பி, அங்கிருந்து போலந்து வந்து சேர்ந்தார். ஆகஸ்ட் 3 அன்று, உக்ரைன் தலைநகர் கீவில், பெலாரஸிலிருந்து தப்பி வருகிறவர்களுக்கு உதவிவந்த விட்டாலி ஷிஷோவ் ஒரு பூங்காவில் தூக்கில் தொங்கிய நிலையில் கிடந்தார். அந்தச் செய்தி வந்த மறுநாள், டோக்கியோவிலிருந்து நேராக வார்சா போகும் விமானத்தில் ஏற்றாமல், பாதுகாப்புக்காக வியன்னா வழியாக கிறிஸ்தினாவை அனுப்பினார்கள். ஆகஸ்ட் 4 இரவு வார்சா. பெற்றோர் ஊரிலேயே.

சரி, இப்போது டீயைக் கொஞ்சம் ஆற விட்டு ஒரு கேள்வி. போலீஸ் காப்பாற்றிவிட்டது, மைதானம் பக்கத்திலேயே இருக்கிறது, ஓடத் தகுதி இருக்கிறது. ஆகஸ்ட் 2 அன்று அவர் போய் 200 மீட்டர் ஓடியிருக்கலாமே?

கேட்டுப் பார்த்தார். விளையாட்டு நடுவர் மன்றத்தில் அவசர மனு போட்டார். தடை உத்தரவு தரும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்று மனு தள்ளுபடியானது. அதன் பின்னால் இருப்பது ஒலிம்பிக் சாசனம். ஒலிம்பிக்கில் ஒருவர் பெயரைக் கொடுக்கும் உரிமை நாட்டு ஒலிம்பிக் சங்கத்துக்கு மட்டும்தான். வீரர் தானே மனுப் போட முடியாது. கிளப் அனுப்ப முடியாது. உலகச் சம்மேளனமே நினைத்தாலும் முடியாது. ரேஷன் கார்டு மாதிரிதான். நீங்கள் எவ்வளவு பசியோடு கடைக்குப் போய் நின்றாலும், குடும்பத் தலைவர் கார்டிலிருந்து உங்கள் பெயரை எடுத்துவிட்டால் எடைபோடுகிறவர் உங்களுக்கு அரிசி போட மாட்டார். உங்களைத் தெரியாது என்பதால் இல்லை. கார்டைத்தான் தெரியும் என்பதால். கிறிஸ்தினாவின் பெயரை எடுத்தது எந்தச் சங்கம்? தலைவராக லுகஷென்கோ மகனை ஏற்க மாட்டோம் என்று கமிட்டியே சொன்ன அதே சங்கம். தலைவர் செல்லாது, தலைவரின் சங்கம் கொடுத்த பட்டியல் மட்டும் செல்லும்.

நாடு கடந்து வந்த விளையாட்டுக்காரரின் கஷ்டம் என்று பேசும்போது நாம் குளிரையும் மொழியையும் தனிமையையும்தான் நினைக்கிறோம். அதெல்லாம் நிஜம்தான். ஆனால் எழுத்தாளர் தஞ்சமடைந்த ஊரில் பேனாவை எடுத்து எழுதலாம்; சமையல்காரர் கடை போடலாம். ஓட்டக்காரர் ஓடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள், ஆனால் அது எந்தக் கணக்கிலும் வராது. கணக்கில் வர ஒரு சங்கத்தின் கையெழுத்து வேண்டும். எந்தச் சங்கத்திடமிருந்து தப்பி வந்தாரோ, அதன் கையெழுத்துதான் அவரிடம் இல்லாத ஒன்று.

இதற்கு இன்றைக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று அகதிகள் அணி. 2016 ரியோவில் பத்துப் பேருடன் ஆரம்பித்தது, டோக்கியோவில் 29, பாரிஸில் 37. ஒலிம்பிக் கொடி, ஒலிம்பிக் கீதம். அதற்குள் வர, அகதி என்ற அங்கீகாரம் முறைப்படி கிடைத்திருக்க வேண்டும், பெரும்பாலும் கமிட்டி தரும் உதவித்தொகைத் திட்டத்துக்குள் இருக்க வேண்டும், பிறகு தேர்வு. இன்னொன்று, புதிய நாட்டின் குடியுரிமை பெற்று அந்த நாட்டுக்காக இறங்குவது.

இரண்டு வழியிலும் நடந்து பார்த்தவர் ஒருவர் இருக்கிறார்: ஈரானின் கிமியா அலிசாதே. 2016 ரியோவில் 18 வயதில் டேக்வாண்டோவில் வெண்கலம். ஈரான் பெண் ஒருவர் வாங்கிய முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. 2019 நவம்பரில் பெட்ரோல் விலை உயர்வை எதிர்த்து ஈரானில் பெரும் கலவரம். 2020 ஜனவரியில் உக்ரைன் பயணிகள் விமானத்தை ஈரான் படையே சுட்டு வீழ்த்தியதில் மறுபடி தெருவெல்லாம் கூட்டம். அதே ஜனவரியில், ஈரானை விட்டு வந்துவிட்டேன் என்று கிமியா அறிவித்தார். பதக்கத்தைத் தங்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள், போடச் சொன்னதைப் போட்டேன், சொல்லச் சொன்னதைச் சொன்னேன் என்பது அவர் குறை. ஜெர்மனியில் குடியேறி, டோக்கியோவில் அகதிகள் அணியில் இறங்கினார். குலுக்கலில் முதல் சுற்றுக்கு வந்த எதிராளி யார் தெரியுமா? ஈரானின் நாஹித் கியானி, பழைய அணித்தோழி. கிமியா ஜெயித்தார். அடுத்து இரண்டு முறை ஒலிம்பிக் சாம்பியனான பிரிட்டனின் ஜேட் ஜோன்ஸையும் வீழ்த்தினார். கடைசியில் வெண்கலத்துக்கான மோதலில் 8-6 என்று துருக்கி வீராங்கனையிடம் தோற்றார். இரண்டு புள்ளி! அது வந்திருந்தால் அகதிகள் அணிக்கு முதல் பதக்கம். அந்தப் பெயர் பிறகு 2024 பாரிஸில், கேமரூனில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த குத்துச்சண்டை வீராங்கனை சிண்டி ங்கம்பாவுக்குப் போயிற்று. கிமியா அதற்குள் பல்கேரியக் குடியுரிமை பெற்று, பாரிஸில் பல்கேரியாவுக்காக வெண்கலம் வாங்கினார். அங்கேயும் குலுக்கல் அவரைக் கியானி முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்தியது. இந்த முறை கியானி ஜெயித்து, வெள்ளி வரை போனார்.

கிறிஸ்தினா இரண்டாவது வழியில் போனார். 2022-இல் போலந்துக் குடியுரிமை கிடைத்தது. வழி திறந்துவிட்டது என்று நினைப்பீர்கள். இல்லை. நாடு மாறினால் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும் என்று விதி.

இந்த விதியை எடுத்தவுடன் திட்டிவிடக் கூடாது. அதற்கும் ஒரு கதை உண்டு. 2003-இல் கென்யாவின் ஸ்டீபன் செரோனோ என்ற தடை ஓட்டக்காரர் கத்தார் நாட்டுக்கு மாறி, சைஃப் சயீத் ஷஹீன் என்ற பெயரில் அதே வருடம் உலகச் சாம்பியன் ஆனார். பணக்கார நாடுகள் ஆப்பிரிக்க ஓட்டக்காரர்களை இப்படி வரிசையாக வாங்க ஆரம்பித்தன. இது சந்தை ஆகிவிட்டது என்று 2017-இல் உலகத் தடகளத் தலைவர் செபாஸ்டியன் கோ நாடு மாறுவதையே நிறுத்திவைத்தார். அடுத்த வருடம் புது விதி வந்தது: குறைந்தது மூன்று ஆண்டுக் காத்திருப்பு, ஒவ்வொரு விண்ணப்பத்தையும் ஒரு குழு பரிசீலிக்கும். வியாபாரிக்காகக் கட்டிய வேலி அது. தப்பி ஓடி வருகிறவர் அதே வேலியில் வந்து மாட்டுகிறார். ஒலிம்பிக் சாசனத்திலும் மூன்று வருடம்தான். அதைக் குறைக்கலாம், ஆனால் சம்பந்தப்பட்ட ஒலிம்பிக் சங்கங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்கிறது சாசனம். சம்பந்தப்பட்ட சங்கங்களில் பழைய நாட்டுச் சங்கமும் ஒன்று. ஹனேடாவுக்குக் காரில் அனுப்பிவைத்தவர்களிடமே போய்த் தடையில்லாச் சான்று கேட்க வேண்டும்!

விளையாட்டு அதிகாரிகளின் சந்தேகத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. போட்டிக்கு என்று போய்த் திரும்பாமல் இருந்துவிடுவது பழைய கதை. 2022-இல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டிக்குப் போன இலங்கை அணியிலிருந்து பத்துப் பேர் வரை காணாமல் போனார்கள். இலங்கை பொருளாதாரத்தில் விழுந்து, அதிபரே நாட்டை விட்டு ஓடியிருந்த நேரம் அது. எரிவாயு வரிசையில் நின்று பார்த்தவர்கள் அவர்களைக் குறை சொல்லத் தயங்குவார்கள். ஆனால் கிறிஸ்தினா அந்த ரகம்கூட இல்லை. அவர் இருந்துவிட வரவில்லை. திரும்பிப் போகும் எண்ணத்தோடுதான் வந்தார். திங்கட்கிழமை ஓடிவிட்டு.

காத்திருக்கும் அந்தக் காலம் ஓட்டக்காரருக்கு என்ன செய்யும்? குறுந்தூர ஓட்டத்தில் இருபத்து நான்கிலிருந்து இருபத்தேழு வரை உடம்பு கேட்டதைக் கொடுக்கும் வயது. அப்போது ஒரு பெரிய போட்டியும் இல்லாமல் பயிற்சி மட்டும் செய்வது கொடுமை. பயிற்சியின் பருவமே போட்டி நாளை வைத்துத்தான் போடப்படுகிறது: இந்த மாதம் எடை தூக்குவது, இந்த மாதம் தொடக்கப் பெட்டியிலிருந்து கிளம்பும் பயிற்சி, இந்த வாரம் உடம்பைத் தளர்த்துவது. போட்டி எது என்று தெரியாதபோது எதை நோக்கித் தளர்த்துவது? புது ஊர், புதுப் பயிற்சியாளர் வேறு. 2019 ஐரோப்பிய விளையாட்டுப் போட்டியில், சொந்த நாட்டின் மின்ஸ்க்கில் வாங்கிய வெள்ளிப் பதக்கத்தை இதற்கிடையில் இணையத்தில் ஏலத்துக்கு விட்டார். 21 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. அந்தப் பணம் ஹெராசிமேனியாவின் நிதிக்கு.

மூன்று வருடம் முழுதாக முடியும் முன்பே, 2023 ஆகஸ்ட் 6 முதல் போலந்துக்காக ஓடலாம் என்று உலகத் தடகளச் சம்மேளனம் அனுமதி கொடுத்தது. அதிகாரிகள் மனம் இறங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் உலகமும் மாறிவிட்டிருந்தது. 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை பெலாரஸ் மண்ணிலிருந்தும் உக்ரைனுக்குள் புகுந்தது. மார்ச்சில் ரஷ்யா, பெலாரஸ் இரண்டு நாட்டு வீரர்களையும் தடகளச் சம்மேளனம் ஒட்டுமொத்தமாக விலக்கியது. பாரிஸ் ஒலிம்பிக்கில் மற்ற சில விளையாட்டுகளில் நடுநிலை வீரர் என்ற பெயரிலாவது பெலாரஸ்காரர்கள் வந்தார்கள். தடகளத்தில் அதுவும் கிடையாது. யோசித்துப் பாருங்கள். அன்று ஹனேடாவில் அமைதியாக விமானம் ஏறி, ஊருக்குப் போய், தண்டனையும் இல்லாமல் தப்பித்திருந்தால்கூட, பாரிஸில் பெலாரஸ் சட்டையில் ஓட அவருக்கு வழி இருந்திருக்காது. இதை வைத்து அவர் எடுத்த முடிவுதான் லாபம் என்று நான் கணக்கு எழுத மாட்டேன். அன்றிரவு யாருக்கும் இது தெரியாது.

மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த இரண்டு அதிகாரிகளின் அனுமதி அட்டைகளை ஒலிம்பிக் கமிட்டி டோக்கியோவிலேயே பறித்தது. ஆகஸ்ட் 9 அன்று, தேர்தல் நடந்து சரியாக ஒரு வருடத்தில், பெலாரஸ் ஒலிம்பிக் சங்கத்தின் மீதே அமெரிக்கா பொருளாதாரத் தடை போட்டது. மொய்செவிச் மீதான விசாரணை இழுத்துக்கொண்டு போய், 2024-இல் அவருக்கு ஐந்து வருடத் தடை கிடைத்தது. ஹெராசிமேனியாவுக்கு 2022 டிசம்பரில் மின்ஸ்க் நீதிமன்றம் அவர் இல்லாமலே பன்னிரண்டு வருடச் சிறைத் தண்டனை விதித்தது.

2024 ஆகஸ்ட் 4 அன்று பாரிஸில் பெண்கள் 200 மீட்டர் தகுதிச் சுற்று. வார்சாவில் வந்து இறங்கி மூன்று வருடம் ஆன அதே தேதியில், 27 வயதில், போலந்துச் சட்டையில் கிறிஸ்தினா அந்த ஓட்டத்தை ஓடினார். பதக்கப் பக்கம் வரவில்லை. தொடர் ஓட்டத்திலும் ஓடினார். அது 4x100, அவருடைய தூரம்.

அவருக்குக் கிடைத்த அனுமதி அவருக்கு மட்டும்தான். மூன்று வருட விதி அப்படியேதான் இருக்கிறது. பெயர் கொடுக்கும் உரிமையும் நாட்டுச் சங்கங்களிடமே இருக்கிறது. நாளைக்கு வேறொரு நாட்டில் கலவரம் வந்து, வேறொரு விமான நிலையத்தில் ஒரு பையனோ பெண்ணோ போன் திரையைக் காட்டி உதவி கேட்டால், போலீஸ் அன்றிரவே காப்பாற்றிவிடும். ஓடுவதற்கான விண்ணப்பத்தை எழுதி, குழுவின் தேதிக்குக் காத்திருப்பது அதன் பிறகு.